சாவி வாங்கும் முன் ஒரு பாலிசி

வேலைக்கோ படிப்புக்கோ அமெரிக்காவில் புதிதாகப் போய் இறங்குபவர்கள் வீடு பிடிக்கும் படலம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். அபார்ட்மென்ட் பிடித்துவிடும், வாடகையும் கட்டுப்படியாகும். விண்ணப்பக் கட்டணம் போகும், டெபாசிட் போகும், நாற்பது ஐம்பது பக்க ஒப்பந்தத்தில் கணினி காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்தும் விழுந்துவிடும். இனி சாவிதான் பாக்கி என்று பெட்டியைக் கட்டும்போது லீசிங் ஆபீஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும்: ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் எடுத்ததற்கான சான்றை இணையதளத்தில் ஏற்றுங்கள், குறைந்தது 1,00,000 டாலர் லையபிலிட்டி இருக்க வேண்டும், ஏற்றாவிட்டால் சாவி கிடையாது.

கேட்டால், முன்னாடி போன நண்பர்கள் சொல்வதும் ஒரே பதில்தான். "மாசம் பத்துப் பதினைஞ்சு டாலர்தானே, எதையாவது போட்டு விட்டுரு."

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்ட வீட்டுக்காரர்களைப் பார்த்தவர்களுக்குக்கூட இது புதுசு. வீடு அவருடையது. அதற்கு அவர் காப்பீடு எடுப்பது நியாயம். குடியிருக்க வருபவரை ஏன் எடுக்கச் சொல்கிறார்? அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா?

சட்டம் சொல்லவில்லை, ஒப்பந்தம் சொல்கிறது

உரிமை உண்டு என்பதுதான் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கிடைக்கும் பதில். வாடகைக்கு இருப்பவர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று அங்கே சட்டம் எதுவும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் வீட்டுக்காரர் அதை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாக எழுதலாம். நாய் வளர்க்கக் கூடாது, பால்கனியில் கரி அடுப்பு வைக்கக் கூடாது என்று எழுதுவது போலத்தான் இதுவும். கையெழுத்துப் போட்டவர் பாலிசியை எடுக்காமல் விட்டாலும், எடுத்துவிட்டுப் பாதியில் ரத்து செய்தாலும் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிறார். அபராதம் முதல் வெளியேற்றும் நோட்டீஸ் வரை அதன் விளைவு போகலாம்.

நிபந்தனையின் பலம் கையெழுத்தில்தான் இருக்கிறது என்பதால் அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ஓராண்டு ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதில் இல்லாத காப்பீட்டை நடுவில் கொண்டுவந்து திணிக்க முடியாது. ஆண்டு முடிந்து புதுப்பிக்கும்போது சேர்க்கலாம். மாதா மாதம் நீளும் குடித்தனமாக இருந்தால் முறையான முன்னறிவிப்புக் கொடுத்து மாற்றலாம். வாடகைக் கட்டுப்பாடு உள்ள ஊர்களில் அதுவும் எளிதல்ல. நியூயார்க்கில் வாடகை உயர்வுக்கு அரசு வரம்பு விதிக்கும் 'ரென்ட் ஸ்டெபிலைஸ்டு' வீடுகளின் ஒப்பந்தங்களை, முன்பிருந்த அதே நிபந்தனைகளோடுதான் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. பத்து வருடமாக அங்கே குடியிருப்பவரிடம் போய், இந்த வருடம் முதல் பாலிசி கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட முடியாது.

பாப்கார்ன் பாத்திரமும் ஒரு வழக்கும்

வீட்டுக்காரர்களுக்கு ஏன் இதில் இத்தனை அக்கறை என்பதற்கு ஓக்லஹோமா மாநிலத்தில் நடந்த ஒரு பழைய வழக்கைப் பார்த்தால் போதும். வாடகை வீட்டில் இருந்த பத்து வயதுப் பையன் ஒருவன் வேதியியல் சோதனை செய்ய ஆசைப்பட்டான். ரசாயனங்களைச் சூடாக்க அவனுக்குக் கிடைத்தது பாப்கார்ன் பொரிக்கும் மின்சாரப் பாத்திரம். அதைத் தன் அறைக்கு எடுத்துப்போய்ச் சோதனையைத் தொடங்கினான். தீப்பிடித்து வீடு சேதமானது.

வீட்டுக்காரரின் தீக்காப்பீட்டு நிறுவனம் அவருக்கு இழப்பீட்டைக் கொடுத்தது. கொடுத்த கையோடு, அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாடகைக்கு இருந்தவர்மேல் வழக்குப் போட்டது. காப்பீட்டுத் துறையில் இது வழக்கமான நடைமுறைதான். நஷ்டஈடு கொடுத்த நிறுவனம் பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று, சேதத்துக்குக் காரணமானவரிடம் வசூலிக்கலாம். 'சப்ரகேஷன்' என்று இதைச் சொல்வார்கள்.

1975ல் ஓக்லஹோமா மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கை ஏற்கவில்லை. வீட்டுக்காரர் கட்டும் பிரீமியம் கடைசியில் வாடகைக்குள்தான் அடங்குகிறது. ஆகவே எதிராக ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, குடியிருப்பவரையும் அந்தப் பாலிசியின் பங்காளியாகவே கருத வேண்டும். தன் பாலிசிதாரர்மேலேயே ஒரு நிறுவனம் வழக்குப் போட முடியாது என்றது தீர்ப்பு. வழக்கின் பெயரை ஒட்டி 'சட்டன் விதி' என்று இன்றும் வழக்கறிஞர்கள் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் 2002ல் இதே பக்கம் சாய்ந்தது.

எல்லா மாநிலங்களும் சாயவில்லை. 2005ல் மேரிலாந்தும் 2012ல் மின்னசோட்டாவும் வேறு வழியில் போயின. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, இரு தரப்பும் என்ன எதிர்பார்த்துக் கையெழுத்திட்டார்கள் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றன அந்த நீதிமன்றங்கள்.

அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டுப் போனில் பேசப் போன ஒருவர் மூன்று வீடுகளுக்குத் தீ பரவக் காரணமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு பல லட்சம் டாலரில் வரலாம். அமெரிக்க வீடுகளில் தீப்பிடிக்க முதல் காரணம் சமையல் என்பதைத் தீத்தடுப்பு அமைப்பான என்எஃப்பிஏ ஆண்டுதோறும் சொல்லி வருகிறது. அந்தத் தொகையை யாரிடம் கேட்பது? மாநிலத்துக்கு மாநிலம் மாறும் தீர்ப்புகளை நம்பிக்கொண்டிருப்பதைவிட, குடியிருப்பவரின் பெயரிலேயே ஒரு பாலிசி இருந்துவிட்டால் வீட்டுக்காரருக்கும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்துக்கும் நிம்மதி. மின்னஞ்சலில் வந்த 1,00,000 டாலர் லையபிலிட்டி நிபந்தனை பிறந்த இடம் இதுதான்.

யாருக்காக எந்தப் பகுதி?

ஒரு சாதாரண ரென்டர்ஸ் பாலிசியில் மூன்று முக்கியப் பகுதிகள் உண்டு. தன்னால் பிறருக்கு நேரும் சேதத்துக்கும் காயத்துக்கும் பொறுப்பேற்கும் லையபிலிட்டி ஒன்று. தன் சாமான்களுக்கான காப்பீடு இரண்டாவது. வீடு குடியிருக்க முடியாதபடி ஆகிவிட்டால் ஹோட்டலுக்கும் தற்காலிக வீட்டுக்கும் ஆகும் கூடுதல் செலவு மூன்றாவது.

வீட்டுக்காரர் வற்புறுத்துவது பெரும்பாலும் முதல் பகுதியை மட்டும். குடியிருப்பவரின் சோபாவும் லேப்டாப்பும் எரிந்தால் வீட்டுக்காரருக்கு நஷ்டமில்லை. அவருடைய கட்டடக் காப்பீடு அந்தச் சாமான்களைத் தொடுவதும் இல்லை. வீட்டுக்காரர்தான் இன்சூரன்ஸ் வைத்திருக்கிறாரே, எல்லாம் அதில் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

கட்டணம் ஒன்றும் மலைக்கும்படி இல்லை. மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் சங்கமான என்ஏஐசி 2021ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கில், நாடு முழுவதுமான சராசரி பிரீமியம் ஆண்டுக்குச் சுமார் 170 டாலர். கார் காப்பீடு இருக்கும் நிறுவனத்திலேயே இதையும் எடுத்தால் தள்ளுபடி கிடைப்பதும் உண்டு. நண்பர்கள் சொன்ன பத்துப் பதினைந்து டாலர் சரிதான். "எதையாவது" என்று சொன்னார்களே, அதுதான் சரியில்லை.

பாலிசி எதை ஏற்கும், எதை ஏற்காது என்பது ஹூஸ்டனில் இருப்பவர்களுக்கு அனுபவப் பாடம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் கொட்டிய மழையில் நகரம் மூழ்கியது. சாதாரண ரென்டர்ஸ் பாலிசி வெள்ளத்தை ஏற்பதில்லை. தரைத்தள வீடுகளில் நனைந்துபோன கட்டிலுக்கும் டிவிக்கும் அந்தப் பாலிசியில் ஒன்றும் கிடைக்க வழியில்லை. மூன்றரை ஆண்டு கழித்து, 2021 பிப்ரவரியில், அதே ஊரில் பனிப்புயல். மின்சாரம் போய், குளிரில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்து, கூரை வழியாக வீட்டுக்குள் தண்ணீர் கொட்டியது. இது பாலிசியில் வரும். குழாய் திடீரென்று உடைந்து வரும் தண்ணீர், பாலிசியில் பெயர் குறிப்பிட்டு எழுதப்பட்ட ஆபத்துகளில் ஒன்று. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் தண்ணீர்தான். பாலிசிக்கு, தரையிலிருந்து ஏறிய தண்ணீர் வேறு, குழாயிலிருந்து இறங்கிய தண்ணீர் வேறு.

வெள்ளத்துக்கு மத்திய அரசின் என்எஃப்ஐபி திட்டத்தில் தனிப் பாலிசி உண்டு. வாடகைக்கு இருப்பவரும் தன் சாமான்களுக்கு 1,00,000 டாலர் வரை எடுக்கலாம். ஆனால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு எடுத்துப் பயனில்லை. கலிபோர்னியாவில் நிலநடுக்கமும் இதே கதைதான். 1994ல் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு தனியார் நிறுவனங்கள் பின்வாங்கியதால் 1996ல் அமைந்த மாநில நிலநடுக்க ஆணையம், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் தனிப் பாலிசி வைத்திருக்கிறது.

நகையும் ரூம்மேட்டும்

தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய வரி ஒன்று பாலிசியின் உள்பக்கத்தில் இருக்கும். சாமான்களுக்கு 30,000 டாலர் காப்பீடு என்று முதல் பக்கம் சொன்னாலும், நகை திருட்டுப் போனால் வழக்கமான பாலிசியில் மொத்தமாகவே 1,500 டாலர் அளவில்தான் வரம்பு. இன்றைய தங்க விலையில் அது ஓரிரு சவரனைத் தாண்டாது. தாலிக்கொடிக்கே போதாத தொகை. ரொக்கத்துக்கான வரம்பு இன்னும் குறைவு, பொதுவாக 200 டாலர்.

இந்தியர்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது திருடர்களுக்கும் தெரிந்த செய்திதான். ஆசிய, இந்திய வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளைக் குறிவைத்துப் பல மாநிலங்களில் கொள்ளையடித்த கும்பலின் தலைமைக்கு 2019ல் மிச்சிகனில் உள்ள மத்திய நீதிமன்றம் 37 ஆண்டு சிறை விதித்தது. நகைகளைப் பட்டியலிட்டு, மதிப்பீட்டுச் சான்றோடு பாலிசியில் தனியாகச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. அதற்குப் பிரீமியம் கூடும். வங்கி லாக்கரில் வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது: வங்கிக் கணக்கில் இருக்கும் பணத்துக்குத்தான் அமெரிக்க அரசின் வைப்புத்தொகைக் காப்பீடு, லாக்கரில் இருக்கும் பொருளுக்கு இல்லை.

இரண்டு படுக்கையறை வீட்டை நான்கு மாணவர்கள் பங்கு போட்டுக்கொள்ளும்போது நடக்கும் தவறு வேறு. ஒருவர் பாலிசி எடுப்பார். மற்ற மூவரும் நமக்கும் சேர்த்துத்தான் என்று இருந்துவிடுவார்கள். பாலிசியில் பெயர் உள்ளவருக்கும், அவரோடு வசிக்கும் உறவினருக்கும்தான் காப்பீடு. ரூம்மேட் எத்தனை நெருக்கமானாலும் உறவினர் கணக்கில் வரமாட்டார். ஒன்று, அவர் பெயரையும் சேர்க்க வேண்டும், அதற்கு எல்லா நிறுவனங்களும் எல்லா மாநிலங்களிலும் ஒப்புக்கொள்வதில்லை. இல்லையேல் ஆளுக்கொரு பாலிசி.

பலர் கவனிக்காமல் விடும் நல்ல அம்சமும் ஒன்று உண்டு. சாமான் காப்பீடு வீட்டோடு முடிவதில்லை. காரில் வைத்த லேப்டாப் கண்ணாடியை உடைத்துத் திருடப்பட்டால், கார் காப்பீடு அந்த லேப்டாப்பைக் கணக்கில் எடுக்காது. ரென்டர்ஸ் பாலிசி எடுக்கும். விடுமுறைக்குச் சென்னை வந்த இடத்தில் கேமரா களவுபோனாலும் வழக்கமான பாலிசியில் கோரலாம். ஆனால் இங்கே, இழப்பில் முதலில் நாமே ஏற்க வேண்டிய 'டிடக்டிபிள்' தொகை குறுக்கே நிற்கும். அது 500 டாலர் என்றால், 600 டாலர் கேமராவுக்குக் கையில் வருவது 100 டாலர்தான். பொருளின் இன்றைய தேய்மான மதிப்பா, புதிதாக வாங்கும் விலையா என்பதையும் எடுக்கும்போதே பார்க்க வேண்டும். தேய்மானக் கணக்கில் ஐந்து வருட லேப்டாப்புக்குக் கிடைப்பது ஒரு வார மளிகைக்குத்தான் வரும்.

கேட்கலாம், எல்லையோடு

வீட்டுக்காரர் கேட்கும் உரிமைக்குத் தெளிவான வேலி போட்ட மாநிலம் ஓரிகன். 2013ல் அங்கே வந்த சட்டம் லையபிலிட்டி காப்பீட்டைக் கேட்க அனுமதிக்கிறது. ஆனால் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு: ஒரு சம்பவத்துக்கு 1,00,000 டாலர், அல்லது அந்த வட்டாரத்தில் வழக்கமாகக் கேட்கப்படும் தொகை, எது அதிகமோ அது. குறிப்பிட்ட நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லக் கூடாது. வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தில் பாதிக்கு மேல் போகாத குடும்பங்களிடம் கேட்கவே கூடாது. எல்லாவற்றையும்விட, அதே அளவுக்கு ஈடான காப்பீட்டை வீட்டுக்காரர் தானும் வைத்திருந்தால்தான் பிறரிடம் கேட்க முடியும்.

வர்ஜீனியா வேறு முனையிலிருந்து பிடித்தது. அங்கே ரென்டர்ஸ் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கலாம். வீட்டுக்காரரே ஏற்பாடு செய்து கட்டணத்தை வசூலிக்கவும் செய்யலாம். ஆனால் குடிவருவதற்கு முன் வாங்கும் டெபாசிட்டும் பிரீமியமும் சேர்ந்து இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. குடிவருபவர் தனக்குப் பிடித்த நிறுவனத்தில் தானே பாலிசி எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

இந்த வழியைத் தெரிந்து வைத்திருப்பது மற்ற மாநிலங்களிலும் உதவும். பெரிய அபார்ட்மென்ட் நிறுவனங்கள் பல, பாலிசி கொடுக்காதவர்களைத் தங்கள் கூட்டுத் திட்டத்தில் தாமாகவே சேர்த்துவிடுகின்றன. மாத வாடகைப் பட்டியலில் சிறு தொகையாக ஒரு வரி கூடும். நமக்கும் இன்சூரன்ஸ் ஆகிவிட்டது என்று குடியிருப்பவர் நினைத்துக்கொள்வார். ஆவணத்தைத் திறந்து பார்த்தால், பல திட்டங்களில் அது குடியிருப்பவரால் கட்டடத்துக்கு வரும் சேதத்தை மட்டும் ஈடுகட்டும். அவருடைய சாமானுக்கு ஒரு டாலர்கூட இருக்காது. ஏறக்குறைய அதே பணத்துக்கு வெளியில் மூன்று பகுதியும் உள்ள முழுப் பாலிசியே கிடைத்திருக்கும்.

டொரன்டோ, லண்டன், பாரிஸ்

தமிழர்கள் அதிகம் வாழும் மற்ற ஊர்களில் இதே கேள்விக்குப் பதில் எப்படியெல்லாம் மாறுகிறது என்பது சுவையானது. ஒன்டாரியோ மாகாணத்தில் 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களுக்கு அரசு வகுத்த ஒரே படிவம். ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடுபவரும் அதைத்தான் நிரப்ப வேண்டும். அதில் காப்பீட்டுக்கு இரண்டு கட்டங்கள் இருக்கின்றன: காப்பீட்டு நிபந்தனை இல்லை என்பது ஒன்று, லையபிலிட்டி காப்பீடு எப்போதும் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. சாமான்களுக்குக் காப்பீடு வேண்டுமா என்பது குடியிருப்பவரின் விருப்பம் என்று படிவமே சொல்லிவிடுகிறது.

இங்கிலாந்தில் நேர்மாறு. 2019 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த வாடகைதாரர் கட்டணச் சட்டத்தின்படி, காப்பீடு எடுத்தால்தான் வீடு என்று நிபந்தனை போடவே முடியாது. முதல் முறை மீறினால் 5,000 பவுண்டு வரை அபராதம். ஈஸ்ட்ஹாமில் குடியிருப்பவர் தன் சாமான்களுக்குக் காப்பீடு எடுப்பது முழுக்க அவர் பாடு.

பிரான்சில் வீட்டுக்காரர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, சட்டமே கேட்டுவிடுகிறது. 1989 ஜூலை 6 தேதியிட்ட வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவர் தன்னால் வீட்டுக்கு வரக்கூடிய சேதத்துக்குக் காப்பீடு செய்தே ஆக வேண்டும். சாவி வாங்கும்போது சான்று காட்ட வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்காரர் கேட்டால் காட்ட வேண்டும். தவறினால் ஒப்பந்தம் ரத்தாகலாம். 2014ல் செய்த திருத்தம் இன்னொரு வழியையும் திறந்தது: முறையான நோட்டீஸுக்குப் பிறகும் எடுக்காதவர் பெயரில் வீட்டுக்காரரே காப்பீடு எடுத்து, செலவை வாடகையோடு மாதா மாதம் வசூலிக்கலாம். லா ஷப்பல் பகுதியில் வீடு தேடும் ஈழத்தமிழர்களுக்கு இது பழகிப்போன காகிதம். ஆனால் அந்தக் கட்டாயமும் வீட்டுக்கான சேதத்தோடு நின்றுவிடுகிறது. தன் சாமான்களுக்கும் வேண்டும் என்றால் விரிவான பாலிசியைத் தானே கேட்டு வாங்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

அமெரிக்காவில் புதிதாக ஒப்பந்தம் போடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, எவ்வளவு லையபிலிட்டி கேட்கிறார்கள் என்பதையும், வீட்டுக்காரரின் பெயரை எந்த நிலையில் சேர்க்கச் சொல்கிறார்கள் என்பதையும். தகவல் பெறும் தரப்பாகச் சேர்த்தால், பாலிசி காலாவதியானாலோ ரத்தானாலோ அவருக்குத் தகவல் போகும், அவ்வளவுதான். பாலிசியின் பயனில் பங்குள்ளவராகச் சேர்க்கச் சொன்னால் அது வேறு சங்கதி. ஓரிகன் சட்டம் முதலாவதை மட்டுமே அனுமதிக்கிறது.

பாலிசி கைக்கு வந்ததும் ஒவ்வோர் அறையாகப் போய் அலமாரிகளைத் திறந்து செல்போனில் வீடியோ எடுத்து, மின்னஞ்சலில் தனக்கே அனுப்பிக்கொள்வது நல்லது. எரிந்துபோன வீட்டில் எத்தனை பட்டுப்புடவை இருந்தது, கிரைண்டர் எந்த வருடம் வாங்கியது என்று ஏஜென்ட் கேட்கும்போது நினைவிலிருந்து எழுத யாராலும் முடியாது. வீடு மாறும்போது மறக்காமல் முகவரியை மாற்ற வேண்டும். புதிய வீட்டின் லீசிங் ஆபீஸுக்குப் புதிய முகவரி போட்ட சான்றை அனுப்ப வேண்டும். பழைய வீட்டுக்காரரின் பெயரைப் பாலிசியிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும். இவற்றை நிறுவனத்தின் செயலியிலேயே சில நிமிடங்களில் செய்துவிடலாம்.